சேலைக்கு மேல் ஒரு சட்டை

மலைமேல் ஒண்டிக்கடையில் புறப்பட்ட சேலம் பஸ். எனக்கு முன் இருக்கையில் காப்பி பறிக்கும் பெண்கள் இருவர். மூத்தவர் சேலைக்கு மேல், பறிப்பின்போது எல்லோரும் போடும் ஆண் சட்டையுடனேயே வந்திருந்தார்.

“எஸ்டேட்ல கணக்கெழுதுற ரைட்டரய்யா மாதிரியே இருக்கீங்கக்கா. மகளைப் பாக்க காலேஜுக்குப் போறீங்க, கழட்டுங்க.”

“கழட்டுனா ஜாக்கெட்டுல தோள் கிழிசல் தெரியும் கண்ணு.”

“போன தடவையும் இதோடதான் போனீங்களா?”

“ஆமா. கூட இருந்த புள்ள, ‘உங்க ஊட்டு வேலைக்காரம்மாவா?’ன்னு மகளைக் கேட்டுச்சு.”

“மக என்னங்க சொல்லுச்சு?”

“இல்லைன்னு சொல்லலை.”

அடிவாரத்தில் மூத்தவர் சட்டையைக் கழற்றி, மடித்துப் பையில் வைத்தார். முந்தானையை வலது தோள்மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டார். சேலத்தில் இறங்கும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.