முப்பத்தொரு தரிப்பு

— அந்தப் பட்டனைச் சும்மா சும்மா குத்தாதையும், வேரோனிக்கா. எலிவேற்றர் நிண்டிட்டுது. குத்தினாப்போலை ஓடப்போகுதே?

— கீழை டாக்ஸி நிக்குதப்பா. பத்து நிமிசத்துக்கு மேலை நிக்கமாட்டன் எண்டவன்.

— போனாப் போகட்டும். உம்மடை அக்கா குணவதியின்ரை வீடு யூனியன்வில்லிலைதானே, எங்கையும் ஓடப்போகுதே? அதுசரி, ஒப்பரேசன் செய்தவவுக்குப் பத்து நாள் சமைச்சுக் குடுக்கிறதுக்கு இவ்வளவு பெரிய சூட்கேஸ் என்னத்துக்கு? கை கழண்டு போச்சு.

— குளிர் உடுப்பு.

— மே மாசத்திலையோ?

— இஞ்சை பாருங்கோ, நீங்கள் ஏன் இந்த நேரத்திலை வீட்டை வந்தனீங்கள்? பதினொரு மணிக்கு ஃபாக்ரறியிலை எல்லோ நிக்கவேணும்?

— சேஃப்ரி சப்பாத்தை விட்டிட்டுப் போட்டன். போர்மன் கலைச்சுவிட்டிட்டான். உம்மை டாக்ஸியிலை ஏத்திப்போட்டு மேலை வந்து எடுப்பம் எண்டு பாத்தன்.

— சாப்பாட்டுப் பை எங்கை?

— லொக்கருக்கை. ஏன்?

— ஒண்டுமில்லை. திறந்தனீங்களோ?

— சாப்பாடு பன்ரண்டரைக்குத்தானே. இண்டைக்கு என்ன கட்டினனீர்?

— புட்டும் முட்டைப் பொரியலும்.

— ஹலோ! ஆர் உள்ளுக்கை? பில்டிங் சுப்பிரின்டென் செல்வரட்ணம் இன்ரர்கொமிலை கதைக்கிறன்.

— அண்ணை, நான் பதினேழாம் மாடி இக்னேசியஸ். மனுசியும் நிக்கிறா. பதின்மூண்டிலை நிண்டிட்டுது.

— பயப்பிடாதேங்கோ தம்பி. கூரைக்கு ஏறி மோட்டர் அறையைப் பாத்திட்டுச் சொல்லுறன். என்ரை முழங்கால் இருக்கிற இருப்பிலை இருபது நிமிசம் பிடிக்கும், கேட்டுதோ?

— ஆறுதலா ஏறுங்கோ அண்ணை. அவசரமில்லை.

— அவசரமில்லையோ! மாதாவே, எனக்கு மூச்சு முட்டுது.

— விசர்க்கதை. கியெவ்விலை பதினொரு பேர் ஒரு அறைக்கை கிடந்தனாங்கள். அங்கை முட்டாத மூச்சே இஞ்சை முட்டுது?

— அங்கை நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்கள்.

— இஞ்சையும் பக்கத்திலைதானே நிக்கிறன்.

— இண்டைக்கு. எலிவேற்றர் பழுதாய்ப் போனபடியாலை.

— சரி, சூட்கேசுக்கு மேலை இரும். பிராக்கிலை ட்ராமுக்கை இருப்பீரே, அது மாதிரி.

— ட்ராம் உங்களுக்கு ஞாபகம் இருக்கோ? ஆரும் பயணத்தைப் பற்றிக் கேட்டா, நாய்ப்பாடு எண்டு ஒரு சொல்லோடை முடிச்சுப்போடுவீங்கள்.

— நாய்ப்பாடுதானே. தொண்ணூத்தொண்டிலை, கலியாணம் கட்டி ஒன்பதாம் நாள் வெளிக்கிட்டது. மொஸ்கோ, கியெவ், பிராக், வியன்னா, பாரிஸ். பதினொரு மாசம் கழிச்சுத்தான் கனடா. பேன், சொறி, எனக்குப் பல்லுக்கொதி வேறை. பிராக்கிலை வீட்டுக்காரி காணக்கூடாதெண்டு, எங்களைக் கள்ளமாக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் விடிய ஆறு மணிக்கே அறையாலை கலைச்சுப்போடுவான். பேந்தென்ன, பொழுதுபடுமட்டும் ட்ராமிலை இந்தத் தொங்கலுக்கும் அந்தத் தொங்கலுக்கும் போய்வாறது. ஒரு தோடம்பழம். அதிலை ஆருக்கு எத்தினை சுளை எண்டு சண்டை.

— அட கடவுளே, தோடம்பழமும் ஞாபகமோ!

— வியன்னாவிலை பூசையும் ஞாபகம்.

— கோயிலுக்கை சூடா இருக்கெண்டு ஒரே நாளிலை மூண்டு பூசை கண்டனாங்கள். ஒரு சொல்லும் விளங்கேல்லை. பக்கத்திலை நீங்கள் குறட்டை. நான் இடிச்சு இடிச்சுக் கை நொந்துபோச்சு.

— ம். பாதிரியார் கூட ஒருக்கா நிப்பாட்டிப்போட்டுப் பாத்தவர்.

— சிரிக்காதேங்கோ, எனக்கு அதுதான் தேனிலவு. பாரிசிலை ஆத்தங்கரையிலை இருந்து நனைஞ்ச பாணைத் திண்டுகொண்டு படகுகளைப் பாத்தம். சனம் காசு சேர்த்துவைச்சுப் பாக்கப் போற ஊரெல்லாம் நான் உங்களோடை பாத்தன். பயம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா விடியத் தொடங்கிக் கண் மூடுமட்டும் நீங்கள் என்னோடை கதைச்சீங்கள். சின்னனிலை கிணத்துக்கை விழுந்தது, அண்ணரிட்டை அடி வாங்கினது, எல்லாம் அந்த ட்ராமிலைதான் எனக்குத் தெரியும்.

— இப்பவும் கதைக்கிறம்தானே.

— எங்கை? சாப்பாட்டுப் பைக்கையோ? நீங்கள் பகல் ஃபாக்ரறி, பின்னேரம் மார்க்கம் நகரத்திலை ஒஃபீஸ் கிளீனிங், சனி ஞாயிறு பீட்சாக் கடை. நான் வேலையாலை வாற நேரம் நீங்கள் நித்திரை. பருப்புக்கு உப்புக் காணுமோ எண்டு ஒரு துண்டு எழுதிப் பைக்கை வைக்கிறன். நீங்கள் அதிலையே ‘ஓம்’ எண்டு எழுதி அனுப்புறீங்கள். மூண்டு வருசமா எங்கடை குடும்பக் கதை இவ்வளவுதான்.

— விட்பியிலை வீடு வாங்கத்தானே, வேரோ. உமக்குத்தான்.

— நான் கேட்டனானோ? சொல்லுங்கோ, கேட்டனானோ? அங்கை போனா இன்னும் ரெண்டு மணித்தியாலம் கூட றோட்டிலை நிப்பீங்கள். நாலு அறை வீட்டுக்கை நான் ஆரோடை கதைக்கிறது, சுவரோடையோ? கியெவ்விலை யன்னல் பக்கம் போகவும் விடேல்லை, ஆனா எனக்கு அடைச்சு வைச்ச மாதிரித் தெரியேல்லை. இஞ்சை கதவெல்லாம் திறந்துதான் கிடக்குது. எனக்குத்தான் மூச்சு விடேலாமல் கிடக்குது.

— அழாதையும்.

— அழுவன். இனி என்னத்துக்கு ஒளிக்க? அக்காவுக்கு ஒப்பரேசனும் இல்லை, ஒண்டும் இல்லை. நான் திரும்பி வரமாட்டன். எல்லாத்தையும் கடிதமா எழுதிச் சாப்பாட்டுப் பைக்கை வைச்சனான். பன்ரண்டரைக்கு நீங்கள் அதை வாசிக்கேக்கை யூனியன்வில்லிலை நிப்பன் எண்டு பாத்தன். இந்தப் பாழ்படுவான் எலிவேற்றர்!

— ம்.

— ‘ம்’ எண்டா? பெண்சாதி விட்டிட்டுப் போறன் எண்டுறாள், அதுக்கும் ஒரு ‘ம்’ தானோ?

— அந்த ட்ராம் ஓடுற வழியிலை எத்தினை தரிப்பு எண்டு தெரியுமோ உமக்கு?

— எனக்கென்னெண்டு தெரியும்? சாப்பிட்ட உடனை நித்திரையாப் போடுவன்.

— முப்பத்தொண்டு. என்ரை தோளிலை தலையை வைச்சுக்கொண்டு கிடப்பீர். பொலிஸ் ஏறினா எழுப்பவேணும் எண்டு நான் கண் மூடாமல் ஒவ்வொண்டா எண்ணுவன். கடைசித் தரிப்புக் கிட்ட வரேக்கை மனம் ஒரு மாதிரிப் போகும். பேந்து ட்ராம் வளைஞ்சு திரும்பும். திரும்பினா இன்னும் முப்பத்தொண்டு கிடக்கெண்டு எனக்குச் சந்தோசம். நாய்ப்பாடு எண்டு சொல்லுறது வெக்கத்திலை, வேரோ. ஊர் எரியேக்கை ஓடி வந்தவன், வழியிலை நான் சந்தோசமா இருந்தன் எண்டு ஆரிட்டைச் சொல்லுறது?

— என்னட்டைச் சொல்லியிருக்கலாம்.

— எப்ப? உப்புத் துண்டிலை எழுதவோ?

— ஹலோ தம்பி, கேக்குதோ? செல்வரட்ணம். மோட்டரிலை ஒரு பழுதும் இல்லை. உங்கை பட்டனுகளுக்குக் கீழை ஒரு சிவப்புக் கட்டை இருக்கு பாருங்கோ. அதை ஆரோ வெளியிலை இழுத்துவிட்டிருக்கினம். உள்ளுக்கை தள்ளினா ஓடும். வேலை மினைக்கெட்டு என்னைக் கூரைக்கு ஏத்திப்போட்டியள்!

— மன்னிச்சுக் கொள்ளுங்கோ அண்ணை.

— சிவப்புக் கட்டையோ? நான் அதைத் தொடேல்லை. நீங்களோ இழுத்தனீங்கள்?

— ஓம்.

— ஏன்? பொறுங்கோ, உங்கடை காலிலை கிடக்கிறது என்ன? சேஃப்ரி சப்பாத்தெல்லோ!

— பசிச்சுது, வேரோ. பத்து மணிப் பிறேக்குக்கே பையைத் திறந்திட்டன்.

— அப்ப என்ரை கடிதம்?

— சேட்டுப் பொக்கற்றுக்கை. போர்மனுக்கும் சொல்லேல்லை, ஓடி வந்திட்டன்.

— நடிச்சிருக்கிறீங்கள். இவ்வளவு நேரமும் நடிச்சிருக்கிறீங்கள்! ட்ராம், தோடம்பழம், பூசை, நான் எழுதினதையே எனக்குத் திருப்பிச் சொன்னனீங்கள்.

— தோடம்பழம் நீர் எழுதினதுதான். பூசையும் எழுதியிருந்தீர். முப்பத்தொண்டு எழுதினனீரோ?

— இல்லை.

— அதைச் சொல்லத்தான் இழுத்தன். வேறை ஒண்டுக்கும் இல்லை. இந்தா, தள்ளிவிட்டிட்டன், ஓடுது. உம்மை மறிக்கமாட்டன். டாக்ஸி போயிருந்தா வேறை ஒண்டு கூப்பிட்டு ஏத்திவிடுறன். மூக்கைத் துடையும், கீழை சனம் நிக்கும்.

— இஞ்சை பாருங்கோ.

— சொல்லும். எட்டுக்கு வந்திட்டுது.

— அந்தக் கட்டையை இன்னொருக்கா இழுங்கோ.