ஒரே ஒரு கட்டிலுக்கு மட்டும்

உங்கள் அறையில் மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றுகிறது, சார். எங்கள் அலுவலகத்தில் இருப்பது கடகடவென்று கத்தும். பலமுறை சொல்லியும் யாரும் சரிசெய்யவில்லை. நானும் ஓரளவுக்கு மேல் நச்சரிக்க மாட்டேன். சொல்லிப் பார்ப்பேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிடுவேன். அலுவலகத்தில் என்னைப் பொறுமைசாலி என்றுதான் சொல்வார்கள். நீங்களும் விசாரித்துப் பாருங்கள்.

வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். கம்ப்யூட்டர் பக்கம் போகாதவருக்கும் புரிகிற மாதிரி நானே சொல்லிவிடுகிறேன்.

படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களுக்கு நாங்கள் அழைப்பு மணி அமைத்துத் தருகிறோம். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு பொத்தான் தொங்கும். அமுக்கினால் அது சர்வரோடு, அதாவது எல்லாக் கட்டில்களுக்கும் பொதுவான ஒரு கம்ப்யூட்டரோடு, இணைப்புப் போடும். இணைப்புக் கிடைத்ததும் பொத்தானில் பச்சை விளக்கு எரியும். சர்வர் அந்த இணைப்பை எடுத்து, நர்ஸ் மேஜையில் மணி அடித்து, எந்தக் கட்டில் என்று காட்டும். அவ்வளவுதான்.

சர்வர் என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளைகளை, ஸ்கிரிப்டை, எழுதியவர் எங்கள் குழுத் தலைவர். முதலாளியின் மகளைக் கட்டியவர் என்பதால் முதுகுக்குப் பின்னால் அவரை 'மாப்பிள்ளை' என்போம். கல்யாணமாகிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகும் அந்த முறுக்கு மட்டும் அவரிடம் தளரவில்லை. அவர் எழுதிய சர்வர் ஒரு நேரத்தில் ஓர் இணைப்பைத்தான் கவனிக்கும். அது முடிகிறவரை அடுத்ததைத் திரும்பியும் பார்க்காது. கவுண்டரில் ஒருவரிடம் பேசுகிற ஊழியர் தலையை நிமிர்த்தாமலே இருப்பாரே, அந்த மாதிரி. மற்றவை வரிசையில் நிற்கும். ஆனால் வரிசையில் நிற்பதையும் கம்ப்யூட்டர் இணைப்பு என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் நிற்கிறவருக்கும் பச்சை விளக்கு எரியும். மணி மட்டும் அடிக்காது.

ஓர் இல்லத்தில் அதை அமைத்துத் திறந்த நாளில் மாப்பிள்ளை எல்லார் முன்னாலும் ஒரு பொத்தானை அமுக்கினார். மணி அடித்தது. கைதட்டினார்கள். இரண்டு பேர் சேர்ந்து அமுக்கினால் என்ன ஆகும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. நோயாளிகள் முறை வைத்துக்கொண்டா மூச்சுத் திணறுவார்கள்?

அந்த இல்லத்தில்தான் என் அக்காவைச் சேர்த்திருந்தேன். எங்கள் நிறுவனத்தின் மணி இருக்கிற இடம் என்ற நம்பிக்கைதான். அக்கா தையல்காரி. பெற்றவர்கள் போன பிறகு என்னை வளர்த்ததும் படிக்க வைத்ததும் அவள்தான். என்னை வளர்ப்பதற்காகவே கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, அப்படியே இருந்துவிட்டாள். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகும் வாய் மட்டும் குறையவில்லை. "டேய், பொட்டி தட்டுறதுல எனக்கு ஒரு நல்ல பொத்தானாவது செஞ்சியே, அது போதும்டா" என்பாள். நான் செய்யவில்லை, எனக்கு வேறு வேலை என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டாள். தம்பி செய்த பொத்தான் என்று பக்கத்தில் வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள்.

ஒருநாள் மதியம் சாப்பாடு தொண்டையில் சிக்கியது. அக்கா பொத்தானை அமுக்கினாள். அதே நேரத்தில் வேறோர் அறையில் ஒரு பெரியவர் புரண்டு படுத்ததில் அவருடைய பொத்தான் இடுப்புக்கு அடியில் மாட்டி அமுங்கியே கிடந்தது. சர்வர் அவர் எப்போது விடுவார் என்று காத்துக்கொண்டிருந்தது. அக்கா வரிசையில் நின்றாள். பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே போயிருப்பாள் என்று நினைக்கிறேன். தம்பி செய்த பொத்தான், யாராவது வந்துவிடுவார்கள் என்று.

விசாரணை நடந்தது. மாப்பிள்ளை வந்தார், ஒரு பொத்தானை அமுக்கினார், மணி அடித்தது. "சிஸ்டத்துல ஒரு குறையும் இல்லைங்க" என்றார். அன்று வேலையில் இருந்த நர்ஸைப் பலி கொடுத்து முடித்தார்கள். அவள் இப்போது துணிக்கடையில் நிற்பதாகக் கேள்வி. அவளைப் பற்றி நான் அதிகம் யோசித்ததில்லை.

எனக்கு மட்டும் அந்த மணி மேல் இருந்த சந்தேகம் தீரவில்லை. ஸ்கிரிப்டை வாங்கிப் படித்தேன். படிக்கத் தெரிந்தவன் டீ ஆறுவதற்குள் கண்டுபிடிக்கக்கூடிய தப்பு. மாப்பிள்ளையின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவருக்கு முகம் வெளிறியது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது வெளிய போச்சுன்னா கம்பெனியே நடுத்தெருவுக்கு வந்துரும்பா. நீயே கமுக்கமா சரி பண்ணிடு. போனவங்க திரும்பியா வரப்போறாங்க?"

நான் சரி என்றேன். சரி பண்ணவும் செய்தேன். வருகிற ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக ஓர் ஆளை நியமிக்கிற மாதிரி மாற்றி எழுதினேன். இனி எத்தனை பேர் சேர்ந்து அமுக்கினாலும் அத்தனை மணியும் அடிக்கும். நல்ல வேலை அது, சார். அதற்கான பாராட்டை முதலாளியிடம் மாப்பிள்ளை வாங்கிக்கொண்டார். எனக்கு அதில் வருத்தமில்லை. அவர் கதவைச் சாத்தினாரே, அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். அந்த ஆள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவதைப் பார்க்க வேண்டும் என்று. எப்படி என்றுதான் தெரியவில்லை. காத்திருந்தேன்.

பிறகு மாப்பிள்ளையின் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அதே இல்லத்தில் சேர்த்தார்கள். "நம்ம சிஸ்டம் இருக்கு, எனக்குக் கவலையே இல்ல" என்று மாப்பிள்ளை அலுவலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மா பிள்ளை அவர். வேலைக்கு நடுவில் போன் போட்டு, அம்மா சாப்பிட்டதையும் தூங்கியதையும் கேட்டுக்கொள்வார். அதைக் காதால் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஸ்கிரிப்டில் அந்த அம்மாவின் ஒரு கட்டிலுக்கு மட்டும் சில வரிகள் சேர்த்தேன். அந்தக் கட்டிலின் அழைப்பு என் திரையிலும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன். ஒரே ஒருமுறை அமுக்கினால் கொஞ்சம் பொறுத்து மணி அடிக்கும். தண்ணீர் வேண்டும், தலையணை சரிசெய்ய வேண்டும் என்றால் ஆள் வந்துவிடும். யாருக்கும் சந்தேகம் வராது. விடாமல் திரும்பத் திரும்ப அமுக்கினால் மட்டும் அந்த அழைப்பு மணிக்குப் போகாது. வரிசையில் நிற்கும், பச்சை விளக்கோடு. உயிருக்குப் போராடுகிறவர்கள்தானே அப்படி அமுக்குவார்கள். யோசித்துத்தான் செய்தேன்.

ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அந்த அம்மாவைப் பார்க்கவும் போனேன். தங்கமான மனுஷி. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள், என் அக்கா வயதுதான் இருக்கும், நரம்பு வியாதி. அந்த அம்மா என் கையாலேயே இரண்டு பழங்களை அவளுக்கும் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். அவள் சிரித்தாள்.

"இந்த பொத்தான சரி பண்ணது நீதானாமே தம்பி? என் பையன் சொன்னான். பச்ச லைட்டு எரிஞ்சா ஆளு வந்துரும்னு" என்றார் அந்த அம்மா.

"ஆமாம்மா. எரிஞ்சா பயப்படாம இருங்க" என்றேன்.

போன வாரம் மதியம் என் திரையில் அந்தக் கட்டிலின் வரி துடிக்க ஆரம்பித்தது. அமுக்கினார், மறுபடி அமுக்கினார், விடவே இல்லை. நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சாய்ந்து உட்கார்ந்தேன். எதிர்மேஜையருகே வந்து நின்று மாப்பிள்ளை யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். சிரிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா போன பிறகு என் நெஞ்சு குளிர்ந்தது அன்றைக்குத்தான். பொய் சொல்ல விரும்பவில்லை.

ஒன்று மட்டும் இடித்தது. மூச்சு முட்டுகிறவருக்கு இவ்வளவு நேரம் தெம்பு இருக்காது. அழைப்பு ஓயவே இல்லை. கடைசியில் ஒரு துப்புரவுப் பெண் தற்செயலாகக் கதவைத் திறந்தபோதுதான் நின்றது.

அந்த அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை, சார். சாப்பாடு சிக்கியது பக்கத்துக் கட்டில்காரிக்கு. அவளுடைய பொத்தான் கை நழுவிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. இடுப்பு உடைந்து எழுந்திருக்க முடியாத இந்த அம்மா தன் பொத்தானை அவளுக்காக அமுக்கியிருக்கிறார். கூப்பாடும் போட்டிருக்கிறார். கதவு சாத்தியிருந்ததால் வெளியே கேட்கவில்லை. ஆள் வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

மாப்பிள்ளையோடு நானும் போனேன். அந்த அம்மா மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "பச்ச லைட்டு எரிஞ்சுச்சுடா, நான் அமுக்கிகிட்டேதான்டா இருந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "பதட்டத்துல நீ சரியா அமுக்கிருக்க மாட்டம்மா, விடு" என்று மாப்பிள்ளை அவர் தலையைத் தடவிக் கொடுத்தார். அப்போதும் அந்த ஆள் அழவில்லை. அம்மா பிழைத்த நிம்மதிதான் முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது.

நானாக ஏன் வந்தேன் என்று கேட்டீர்களே. மனசாட்சி என்று எழுதிக்கொள்ளாதீர்கள், அது பொய்யாகிவிடும். அந்த மரணம் யாருக்காக வைத்தது என்று மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டும். இனி அவர் அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வர வேண்டும். அவருக்குத் தெரியாவிட்டால் நான் பட்ட பாடெல்லாம் வீண். நான் சொன்னதை அவருக்குப் படித்துக் காட்டுவீர்கள் அல்லவா?

வெளியே பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இறந்தவளுடைய தம்பி என்றார்கள். மடியில் அவளுடைய துணிப் பையை வைத்துக்கொண்டு, நான் உள்ளே வரும்போது என்னைப் பார்த்தார். அவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அவருக்கும் எனக்கும் ஒரு பகையும் இல்லை. அவர் அக்கா தன் பொத்தானைக் கையில் பிடித்திருந்தால் மணி கட்டாயம் அடித்திருக்கும், சார். அவளுடைய கட்டிலில் நான் கை வைக்கவே இல்லை.