தொபுக்கடீர் கடை

அந்த நாற்காலி வேண்டாம் மச்சான், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். உங்கள் தங்கை கடைக்குப் போயிருக்கிறாள், வர நேரமாகும். உங்கள் அப்பா பெட்டியும் கையுமாக உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றதற்கு நான்தான் காரணமா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். கேளிக்கைப் பூங்கா நடத்துகிற கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றைச் செய்கிறோம். ஆடுகிறவர் ராட்டினம் வைப்பார், பாதை போடுவார். விரல் அளவு மனிதர்கள் உள்ளே வந்து சுற்றுவார்கள். அவர்கள் நினைப்பதெல்லாம் தலைக்கு மேல் எழுத்தாக வரும்: ‘பசிக்கிறது’, ‘கால் வலிக்கிறது’, ‘வீட்டுக்குப் போக வேண்டும்’. பெரிய ராட்டினங்களை வேறு ஆட்கள் செய்கிறார்கள். நடுநடுவே வரும் பந்தயக் கடைகள் என் பொறுப்பு. பாட்டில் கழுத்தில் வளையம் வீசுவது, டப்பா அடுக்கைப் பந்தால் சாய்ப்பது, பலூன் சுடுவது. வளையம் பாட்டிலில் பட்டு எந்தப் பக்கம் துள்ள வேண்டும் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் அப்பாவுக்கு இது வேலையாகவே படவில்லை. காலையில் நான் செருப்பு மாட்டும்போது, “என்ன மாப்பிள்ளை, விளையாடக் கிளம்பிட்டீங்களா?” என்பார். பதவி உயர்வு வந்தபோது, “அப்ப இனிமே பெரிய பிள்ளைங்களோட விளையாடலாம்” என்றார். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று யாரோ கேட்டதற்கு, “விளையாடிட்டிருக்கார், கூப்பிடவா?” என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்களும்தான் சிரித்தீர்கள். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தடவையும் என் தோளைத் தட்டி, “சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் மாப்பிள்ளை” என்று முடித்துவிடுவார். விளையாட்டுக்கு என்று சொன்ன பிறகு யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. எவ்வளவு வசதியான வார்த்தை பாருங்கள்.

உங்கள் அம்மா போன பிறகு அவர் எங்களோடு வந்துவிட்டார். பொழுது போகட்டும் என்று அந்தப் பூங்காவைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்ததே நான்தான். ஒட்டிக்கொண்டுவிட்டார். அதில் வருகிறவர்களுக்கு நாம் பெயர் வைக்கலாம். பச்சை உடுப்பு போட்ட ஓர் அம்மாளுக்கு ‘சீமாட்டி’ என்று வைத்தார். உங்கள் அம்மாவை அவர் அப்படித்தானே கூப்பிடுவார். சீமாட்டி போகிற வழியெல்லாம் நிழற்குடை, பெஞ்சு. அவள் தலைக்கு மேல் ‘கால் வலிக்கிறது’ என்று வந்துவிட்டால் போதும், இவர் பதறிப்போய்ப் பாதையையே பெயர்த்துப் போடுவார்.

அந்தச் சமயத்தில்தான் நான் ஒரு புதுக் கடை செய்துகொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டி, அதற்கு மேல் பலகை, பலகையில் ஓர் ஆள். பக்கத்து வட்டத்தில் பந்து பட்டால் பலகை கவிழும், ஆள் தொபுக்கடீர் என்று விழுவான். ஆளுக்கு ஒரு முகம் வேண்டுமே. வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் உங்கள் அப்பாவின் முகத்தை வைத்தேன். வழுக்கை, மூக்குக் கண்ணாடி, சட்டைப் பையில் இரண்டு பேனா, எதையும் விடவில்லை. தண்ணீரைக் கொஞ்சம் குளிராக வைத்தேன், ஏறி வரும்போது வெடவெடவென்று நடுங்குவார். பந்து வீச யாரை விடலாம் என்று யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று சொல்வதுதான் சரி. சீமாட்டியை விட்டேன்.

அவர் முகம் வாடும் என்று எதிர்பார்த்தது உண்மை. அவரோ திரைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு உங்கள் தங்கையைக் கூப்பிட்டார். “இங்க வந்து பாரேன், உங்கம்மா குறி தப்பவே மாட்டேங்கிறா. இருந்தப்பவும் இப்படித்தான்.” கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதற்குப் பிறகு நாள் முழுக்க அந்தக் கடை முன்னால்தான் பழியாகக் கிடந்தார். அவள் வீசுவாள், இவர் விழுவார், ஏறி வருவார், மறுபடி விழுவார். சாப்பாட்டுத் தட்டைக்கூட அங்கேயே கொண்டுபோய் வைத்துக்கொண்டார். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்பிள்ளை, நீங்க இத்தனை வருஷம் விளையாடினதுல இதுதான் உருப்படி.”

நான் சிரித்தேன். மறுநாள் ஒரே ஒரு சின்ன மாற்றம் செய்தேன். சீமாட்டியின் தலைக்கு மேல் ‘வீட்டுக்குப் போக வேண்டும்’ என்று வர வைத்தேன்.

அவள் பந்தைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். இவர் குறுக்கே பெஞ்சு போட்டார். பலூன் கடை வைத்தார். பாதையை அடைத்தார். அவர் என்னவெல்லாம் செய்வார் என்று எனக்குத் தெரியும், எல்லாவற்றையும் தாண்டிப் போக அவளுக்கு வழி செய்திருந்தேன். அவளை மெதுவாகவே நடக்க வைத்திருந்தேன், அவசரத்தில் அவர் எதையும் பார்க்காமல் விட்டுவிடக் கூடாதல்லவா. அவள் வாசல் தாண்டினதும் அவர் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“எங்க போறா மாப்பிள்ளை?”

“வீட்டுக்கு மாமா.”

“இதுதானே அவ வீடு.”

தோளைத் தட்டிக் கொடுத்தேன். “சும்மா விளையாட்டுக்குத்தான் மாமா.”

அன்று சாயங்காலம் அவர் பெட்டி கட்டினார். நடந்தது இவ்வளவுதான்.

பயப்படாதீர்கள், அவளை நான் அழிக்கவில்லை. வாசலுக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறேன். ‘கால் வலிக்கிறது’ என்று வந்துகொண்டேதான் இருக்கிறது. அங்கே பெஞ்சு கிடையாது. திரும்ப உள்ளே விட எனக்கு ஒரு நிமிஷம் போதும். உங்கள் அப்பா போன் செய்து, “மாப்பிள்ளை, வேலையா இருக்கீங்களா?” என்று கேட்கட்டும். வேலை என்ற அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வர வேண்டும், வேறொன்றும் வேண்டாம். எத்தனை மாதமானாலும் காத்திருப்பேன். கோபக்காரனுக்கு இவ்வளவு பொறுமை இருக்குமா, நீங்களே சொல்லுங்கள் மச்சான்.