பச்சை டிக்

— காலை இன்னும் கொஞ்சம் மேல தூக்கி வைங்க மாஸ்டர். அமுக்குறேன், வலிக்குதா?

— வலிச்சா தேவலையே டாக்டரம்மா. ஒண்ணுமே தெரியல. சூட்டோட தட்டு கால்ல விழுந்ததே, வீட்டுக்குப் போய் சாக்ஸைக் கழட்டினப்பதான் தெரிஞ்சுது.

— எத்தனை நாளாச்சு?

— ஒரு பத்து நாள் இருக்கும்.

— பத்து நாளா இந்தக் காலோடவா பேக்கரியில நின்னீங்க?

— கேக் ஆர்டர் குவிஞ்சு கிடக்கு. நான் இல்லன்னா அங்க ஒரு வேலை ஓடாது.

— சர்க்கரைக்காரங்க தினம் காலைப் பாக்கணும்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிச்சுப்போச்சு. பெருவிரல் கறுத்துடுச்சு மாஸ்டர். நாளைக்குக் காலையில எடுத்துடணும்.

— விரல் மட்டும்தானே?

— இப்போதைக்கு.

— சரி, அது போகட்டும். வெளிய வீட்டுக்காரி உக்காந்திருக்கா. நீங்க ஒரு உதவி பண்ணணும். நான் வாயைக் கட்டியிருந்தாலும் இந்த விரல் போயிருக்கும்னு அவகிட்ட சொல்லணும்.

— நீங்க வாயைக் கட்டவே இல்லையா?

— கிரீமை நாக்குல வைக்காம மாஸ்டர் எப்படி கேக்கை வெளிய அனுப்புவான்? ஒரு நாளைக்கு இருபது கேக். அப்புறம் வெட்டின ஓரம் வேற. தூக்கிப்போட மனசு வரல.

— சர்க்கரை அளவு எழுதுற அந்த நோட்டைக் கொடுங்க. தினமும் காலையில சர்க்கரை நூத்திப் பத்து, நூத்தி இருபதுன்னுல்ல எழுதியிருக்கீங்க?

— அது நிஜமில்ல டாக்டரம்மா. உங்களைப் பாக்க வர்ற அன்னிக்கு, வெளிய பெஞ்சுல உக்காந்து ஒரே மூச்சுல ஒரு மாசத்துக்கும் எழுதிடுவேன். வீட்டுல சர்க்கரை பாக்குற மிஷின் பேட்டரி போய் ரெண்டு வருஷமாச்சு.

— ஏன் மாஸ்டர் இப்படி?

— முதல் மாசம் உள்ளதை உள்ளபடி எழுதிட்டு வந்தேன். நீங்க தலையில கை வச்சு உக்காந்துட்டீங்க. எனக்கே பாவமாப் போச்சு. அடுத்த மாசம் நூத்திப் பத்துன்னு எழுதினேன். பச்சைப் பேனாவால டிக் போட்டு லேசா சிரிச்சீங்க.

— அதுக்காக மாசாமாசமா?

— வீட்டுல அதைத்தானே காட்டுவேன். டாக்டரம்மாவே டிக் போட்டாச்சு, நீ என்ன சொல்றதுன்னு. இனிப்பை ஒளிச்சு ஒளிச்சு வச்சவ, அந்த டிக்கைப் பாத்துட்டு அவளே தட்டுல எடுத்து வைக்க ஆரம்பிச்சா. இப்ப விரல் போகுதுன்னா தன்னாலதான்னு உடைஞ்சுபோயிடுவா. அதனாலதான் கேக்குறேன்.

— பொய் சொல்ல என்னால முடியாது மாஸ்டர்.

— அப்ப நானே சொல்லிடுறேன். உன்னை ஏமாத்தின மாதிரி டாக்டரம்மாவையும் ஏமாத்திட்டேன், அவங்க மேல ஒரு தப்பும் இல்லன்னு.

— அவங்களை உள்ள கூப்பிடுங்க. நானும் ஒண்ணு சொல்லணும்.

— நீங்க என்னத்தைச் சொல்லப்போறீங்க?

— மூணு மாசத்துக்கு ஒரு தடவை இங்க ரத்தம் எடுக்குறாங்களே, அந்த ரிப்போர்ட் நீங்க வர்றதுக்கு முன்னாடியே என் மேசைக்கு வந்துடும். நோட்டு பொய்னு முதல் டிக் போடுறப்பவே எனக்குத் தெரியும். வெளிய அறுபது பேர் உக்காந்திருந்தாங்க மாஸ்டர். டிக் போட்டா நீங்க ரெண்டு நிமிஷத்துல எழுந்து போயிடுவீங்க.