இழுக்காமல் ஒட்ட வேண்டிய டேப்

தோலில் ஒட்டும் டேப்பின் முனையை வட்டமாக வெட்டினால் சட்டை உரசிக் கிளம்பாது என்று நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள், ஜெப்ஸி மேடம். இன்றுவரை அப்படித்தான் வெட்டுகிறேன். உங்களிடம் பிசியோதெரபிக்கு வருகிறவர்களின் வீட்டாரில் என் அளவுக்குக் கவனமாகக் கேட்டுக்கொண்டவர்கள் குறைவு. அதனால் என் வீட்டுக்காரருடைய நெஞ்சுப் புண் ஏன் ஆறவே இல்லை என்று நீங்கள் கேட்டதும், உண்மையையே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

அவர், விக்டர், சரக்குக் கப்பலில் ஃபிட்டராக இருந்தவர். ஆம்பிளைக்கு நெஞ்சு பெண்பிள்ளை போலப் புடைத்திருந்தால் கப்பலில் சும்மா விடுவார்களா? எஞ்சின் அறைச் சூட்டிலும் சட்டையைக் கழற்ற மாட்டாராம். எனக்கு அது ஒரு குறையாகவே பட்டதில்லை. அவராகத்தான் ஆபரேஷன் செய்து அந்தக் கொழுப்பை எடுத்துவிட்டு வந்தார். வந்த அன்றே கண்ணாடி முன்னால் நின்று, "ஏளா அல்போன்சா, இங்கன வா. இனிமே டெக்குல வெறும் மேலோட நடப்பேன், பாத்துக்கோ" என்றார்.

வீக்கம் வடிய நீங்கள் நீல டேப் தந்தீர்கள். டேப்பை விசிறிபோல இழைகளாகக் கீறி, இழுக்காமல் ஒட்ட வேண்டும். எண்ணெய் தடவி மெதுவாக உரிக்க வேண்டும். தோல் சிவந்தால் நிறுத்திவிட வேண்டும். எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

அந்த நாட்கள் எவ்வளவு நன்றாக இருந்தன தெரியுமா. கல்யாணத்துக்குப் பிறகு அவர் சேர்ந்தாற்போல் பல நாள் வீட்டில் இருந்ததே அப்போதுதான். கையைத் தூக்கக் கூடாது என்பதால் நான்தான் தலை வாரிவிட்டேன். சீலாமீனை முள் எடுத்து ஊட்டினேன். டேப் ஒட்டும்போது கூசுகிறது என்று அவர் சிரித்தால் முத்தையாபுரத்துக்கே கேட்கும்.

பிறகு கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். அவர் பெட்டியை இறக்கித் துடைத்தார். அன்றைக்கு ஒட்டும்போது டேப்பைக் கொஞ்சம் இழுத்தேன். நன்றாகவே நீளுகிறது. மறுநாள் முனைகளில் கொப்புளம். எண்ணெய் தடவாமல் சடக்கென்று உரித்தேன். தோலும் கூடவே வந்தது. அதன்மேலேயே புதிதாக ஒட்டினேன்.

"எரியுது, ஏளா."

"ஆறுத புண்ணு அப்படித்தான் எரியும். மேடம் சொன்னாவ."

உங்கள் பெயரை இழுத்ததற்கு மன்னிக்க வேண்டும். நீங்கள் சொன்னதாகச் சொன்னால் அவர் மறுபேச்சுப் பேசுவதில்லை.

சீழ் வைத்தது. காய்ச்சல் வந்தது. கம்பெனி மெடிக்கல் டெஸ்டில் தகுதியில்லை என்று தள்ளிவிட்டார்கள், கப்பல் போய்விட்டது. அவர் அழுதார். பக்கத்திலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துவிட்டேன். புண் ஆறி அடுத்த கப்பலுக்கு அழைப்பு வந்தபோதும் அதே மாதிரி ஒட்டினேன். தன் தோல்தான் சரியில்லை என்று முடிவுசெய்து, அவரே கடலை விட்டார். இங்கேயே ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். இனி டேப் தேவையில்லை என்று மிச்சத்தைப் பரணில் தூக்கிப் போட்டேன். அது சத்தியம்.

ஆனால் உடம்பு தேறியதும் சாயங்காலமானால் கிளம்ப ஆரம்பித்தார். கூடப் படித்த ஆன்டனியோடு கடற்கரையில் கைப்பந்து. "நீயும் வாயேன்" என்று கூப்பிடவும் செய்தார். இருட்டுவதற்குள் திரும்பியும்விடுவார். நான் குழம்பை இறக்கிவைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"வீக்கம் திரும்ப வந்த மாதிரி இருக்கு. சட்டையக் கழத்துங்க" என்றேன் ஒருநாள்.

பந்தடித்ததால்தானோ என்று பயந்துபோய் உடனே கழற்றினார்.

இப்போது தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்க வேண்டும், கொஞ்ச காலம் வெளியே நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது, நான்தான் தேற்றினேன். எல்லாம் நான் செய்ததுதான், மேடம். கை தவறியதில்லை, ஒவ்வொரு முறையும் தெரிந்தேதான் இழுத்தேன். அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு வலிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.