கித்தேரி இழுத்த தோணி

வெள்ளக்காரன் இலங்கை மலையில காப்பித் தோட்டம் போட்ட காலம்னு சொல்லுவாவ. அப்ப இந்த நண்டுத்துறையில கித்தேரின்னு ஒருத்தி இருந்தா. எங்க வம்சத்துல மூத்தவ. அவளுக்குக் கோவம் வந்தா கொரல் ஒசராதாம், எறங்குமாம். அவ மெதுவாப் பேச ஆரம்பிச்சா வீடே அடங்கிரும்னு சொல்லுவாவ.

அவளுக்கு ஒரே தம்பி, பேரு சூசை. தாயும் தகப்பனும் போனபெறவு இடுப்புல தூக்கி வளத்த தம்பி. அவன ஊர்ப் பெரிய மனுசன் சிங்கராயர் காப்பித் தோட்டத்துக்கு அனுப்பி வச்சாரு. ஆள் பிடிச்சு அனுப்புறதுதான் அவர் தொழிலு. வேத்தாளு ஒண்ணும் இல்ல, கித்தேரிக்குப் பெரியப்பா முறை. ஒரு வருசத்துல திரும்பிருவான்னாராம். வருசம் போச்சு. அடுத்த வருசமும் போச்சு. இவ கேக்கப்போனா, நல்லாத்தான் இருக்கான்பாராம். மறுபடி கேக்கப்போனா, நல்லாத்தான் இருக்கான்பாராம். அதுக்கு மேல ஒரு சொல்லு கெடையாது.

பெறவு பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன் எலும்பும் தோலுமா அங்கேருந்து தப்பி வந்தான். மலைக்கு நடத்திக் கூட்டிட்டுப் போற வழியிலயே ஆளுக காய்ச்சல்ல விழுதாவ, விழுந்தவன அங்கேயே போட்டுட்டு மத்தவன நடத்துதாவன்னு சொன்னானாம். சூசையப் பாத்தியான்னு இவ கேட்டா. அவன் தெரியலன்னான்.

கித்தேரி நேரா காயல் கரைக்குப் போனா. அங்க அவ புருசன் தொம்மை ஒரு தோணி கட்டிக்கிட்டு இருந்தாரு. கருவாடு ஏத்தி யாவாரம் பண்ணலாம்னு கட்டுன தோணி. "இத முடிங்க. நாம இலங்கையச் சுத்தப் போறோம். ஒவ்வொரு துறையிலயும் எறங்கி அவனத் தேடணும்"னாளாம். தொம்மை அவ கொரலக் கேட்டாரு. மறுபேச்சு இல்லாம உளிய எடுத்தாரு.

சேதி சிங்கராயர் காதுக்குப் போச்சு. இவ போயி அங்க நடக்குறதப் பாத்துட்டு வந்து சொன்னா, பெறவு எவன் பிள்ளைய அனுப்புவான்? காயல் தண்ணி கடல்ல விழுற வாயப் பொழிம்போம்ல, அந்தப் பொழியக் கல்லும் மண்ணும் கொட்டி அடைச்சிட்டாரு. உப்பளத்துக்குக் கரை போடுதேன்னு பேரு. தோணி காயலோரம். கடல் அந்தப் பக்கம். நடுவுல ஊரு.

ஊரு என்ன செஞ்சுது? ஒண்ணும் செய்யல. பாதி வீட்டுல பிள்ளைய அனுப்பிட்டு உள்ளுக்குள்ள அழுதாவ. அவர் தெருவுல வந்தா எந்திரிச்சு நின்னாவ. அம்புட்டுத்தான்.

ரெண்டு பக்கமும் மணல் மேடு, தோணி ஏறாது. ஊர்த்தெரு வழியா வந்து, சிங்கராயர் வீட்டு முன்வாசலத் தாண்டி எறங்குனாத்தான் கடல். ராத்திரியோட ராத்திரியா இழுத்துட்டுப் போயிருவோமேன்னு தொம்மை கேட்டாராம். அதுக்கு அவ சொன்னா: "ராத்திரியில கொண்டுபோக நான் என்ன களவாணியா? ஞாயித்துக்கெழம பூச முடியட்டும். எல்லாரும் பாக்கத்தான் கொண்டுபோவேன்."

அதே மாதிரி ஞாயித்துக்கெழம. பனந்தடிகள வரிசையாப் போட்டு, மீனெண்ணெயத் தடவி, அது மேல தோணிய ஏத்துனாவ. வடத்தக் கட்டுனாவ. கித்தேரி ஒரு பக்கம், தொம்மையும் அவர் தம்பிமாரும் ஒரு பக்கம். இழுத்தா அசையல. தெருவுல ஒவ்வொரு கதவாச் சாத்துற சத்தம் கேட்டுதாம். பூசையில பக்கத்துல முட்டுப்போட்டு நின்னவுகதான், கதவச் சாத்திட்டு ஓட்டை வழியாப் பாத்தாவ.

கித்தேரி யாரையும் கூப்பிடல. வடத்த விடவும் இல்ல. உள்ளங்கை பிய்ஞ்சு ரத்தம் வடத்துல எறங்குச்சாம்.

அப்ப ஒரு கதவு தொறந்துது. மகன அனுப்புனவ ஒருத்தி வந்தா. வடத்தப் பிடிச்சா. புருசன அனுப்புனவ ஒருத்தி வந்தா. வடத்தப் பிடிச்சா. ரெண்டு பிள்ளையும் குடுத்துட்டு நின்ன ஒரு தகப்பன் வந்தாரு. அவரும் பிடிச்சாரு. தோணி அசைஞ்சுது. யாரோ பழக்கத்துல, வடம் இழுக்கையில பாடுற அம்பாப் பாட்டு எடுக்க, கித்தேரி திரும்பிப் பாத்தாளாம். "பாட்டு வேண்டாம். சும்மா இழுங்க." பெறவு ஒரு சத்தமும் இல்ல. மூச்சு வாங்குறதும், பனந்தடி நெரியுறதுந்தான்.

சிங்கராயர் வீட்டு மதில் வந்துது. மனுசன் முன்னால நிக்காரு.

"இது என் எடம். திரும்பிப் போ கித்தேரி."

"பெரியப்பா, சூசை எங்க?"

"நல்லாத்தான் இருக்கான்."

அதுவரைக்கும் அவரை நீங்கன்னுதான் சொல்லுவா. அப்ப அவ கொரல் எறங்குச்சாம்.

"பொழிய மண்ணக் கொட்டி அடைச்ச. நான் மண்ணு மேலயே வந்துட்டேன். இனி எதக் கொட்டி அடைப்ப?"

அவர் ஒதுங்கிட்டாரு. தோணி மூக்கு, அதான் அணியம், மதில்ல முட்டுச்சு. ஒரு தம் கட்டி இழுத்தாவ, மதில் சரிஞ்சுது. அந்தச் செங்கல்ல மிதிச்சுத்தான் எல்லாரும் கடலுக்கு எறங்குனாவ. அன்னைக்கே பாய் விரிச்சாவளாம்.

மன்னாரு, கொழும்பு, காலி, திருகோணமலைன்னு ஒரு துறை விடாமப் போனாளாம். எறங்குவா, சூசையக் கேப்பா, மறுபடி ஏறுவா. காத்து திரும்புற வரைக்கும் அங்கங்க கெடப்பாவ, திரும்புனதும் போவாவ. ஊருல செத்துட்டாவன்னே நெனச்சிட்டாவ.

பெறவு ஒரு வாடைக்காத்துல தோணி வந்துது. வேற வேற ஊருல இருந்து தோட்டத்துக்குப் போயி மாட்டுன ஆளுக அதுல இருந்தாவ. சூசை இல்ல. மலைக்கு ஏறுற வழியிலயே விழுந்து செத்துட்டான்னு மட்டும் அங்க சேதி கெடைச்சுதாம். எந்த எடம்னு காட்டக்கூட ஆள் இல்ல, ஒரு குழி இல்ல, குருசு இல்ல.

பொழி அதுக்குள்ள வெள்ளத்துல ஒடைஞ்சு தொறந்து கெடந்துது. தோணியக் காயலுக்குள்ள விடுன்னாவ. கித்தேரி கேக்கல. வந்த ஆளுகளையே வடம் பிடிக்கச் சொன்னா. இந்தத் தடவ ஊரே வந்து பிடிச்சுது. கடக்கரையில இருந்து மேல ஏத்தி, சிங்கராயர் முன்வாசலுக்கு நேரா கொண்டாந்து, வாசப்படியில அணியம் முட்டுற வரைக்கும் இழுத்து, வடத்தக் கீழ போட்டா.

தொம்மை மட்டும், நம்ம பொழப்புன்னு ஏதோ சொல்ல வாயெடுத்தாராம். "இது இனி தோணி இல்ல. என் தம்பிக்குக் கல்லற"ன்னாளாம். உள்ள இருந்தவருக்கும் கேக்கணும்னு அன்னைக்கு ஒருநாள்தான் அவ கொரல ஒசத்துனதாச் சொல்லுவாவ.

அதத் தொட ஒருத்தனும் கை வைக்கல. மரம் மக்குச்சு, மணல் ஏறுச்சு. அதுதான் நீங்க பாக்குற தோணிமேடு. கல்லறைத் திருநாளுக்கு, கடல்லயோ வெளிநாட்டுலயோ போயி ஒடம்பு வராதவுகளுக்கெல்லாம் அங்கதான் மெழுகுதிரி ஏத்துதோம். மேட்டுக்குப் பின்னால உள்ள வீட்டுல சிங்கராயர் வம்சம் இன்னும் இருக்கு. நல்லவுகதான். அவுகளும் வந்து ஒரு திரி ஏத்துவாவ, பக்கத்துச் சந்து வழியாச் சுத்திக்கிட்டு. அந்த வீட்டுக்கு முன்வாசல் கெடையாது.