கள்ளனிடம் இருக்கும் குரல்

அவைக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் எங்கள் விழிப்புலன் இழந்தோர் சங்கத்தின் தலைவர், பெருமதிப்புக்குரிய சின்னராசா ஐயா அவர்களே! கடல் கடந்து வாழ்ந்தாலும் கரை கடந்த அன்போடு மடிக்கணினிகளைச் சுமந்துவந்து இம்மேசையில் அடுக்கியிருக்கும் கொடையாளர்களே! வட்டக்கச்சியிலிருந்தும் தர்மபுரத்திலிருந்தும் வயல் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! காணாமற்போன பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்தபடி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மாரே! வெள்ளைப் பிரம்பை மடித்து, அமர்ந்த கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு, மேடை எந்தப் பக்கம் என்று காதாலேயே கண்டுகொண்ட என் உடன்பிறப்புகளே! உங்கள் அனைவருக்கும் இச்சங்கத்தின் செயலாளன் கிருசாந்தனின் வணக்கம்.

நன்றியுரைக்கு என்னை அழைத்தார்கள். தேநீர் ஆறுகிறது, இரண்டு வார்த்தையில் முடித்துவிடு என்று தலைவர் காதோடு சொன்னார். முடிக்கலாம். ஆனால் நெஞ்சில் நெருப்பு இருக்கும்போது நாவில் மட்டும் தேன் தடவ எனக்குத் தெரியவில்லை. ஐயா, கொஞ்ச நேரம் அந்த மணியில் கை வைக்காமல் இருங்கள்.

கண்ணுள்ளவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். எங்கள் கணினியில் திரைவாசிப்பான் என்று ஒரு மென்பொருள் உண்டு. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும். நாங்கள் தட்டும் எழுத்தை உச்சரித்துக் காட்டும். அந்தக் குரல் இருந்தால் எங்களுக்குக் கணினி. இல்லாவிட்டால் அது சூடேறும் ஒரு பெட்டி. இன்னொன்று உளவுத்தடுப்பு மென்பொருள். கணினிக்குள் ஒளிந்திருந்து களவெடுக்கும் உளவாளிகளைப் பிடிக்கும் காவற்காரன் அவன். இந்த இரண்டு பேரையும் ஒரே வீட்டில் குடியிருத்திப் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் பார்த்தோம்.

முன்னொரு முறை இப்படித்தான் ஒரு விழா, இப்படித்தான் கணினிகள். காவற்காரனைக் கணினிக்குள் நிறுவிப் பூட்டுவதற்கு எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். திரைவாசிப்பான் சொன்னது: "பொத்தான்." அடுத்ததற்குப் போனோம். "பொத்தான்." அதற்கும் அடுத்தது? "பொத்தான்." எது ஆம், எது இல்லை? எது காக்கும், எது அழிக்கும்? செய்தவர்கள் பொத்தானுக்கு அழகாகப் படம் கீறியிருந்தார்கள், பெயர் வைக்க மறந்துவிட்டார்கள். அடுத்த பக்கம் கேட்டது: "படத்தில் தெரியும் எழுத்துகளைத் தட்டச்சுச் செய்க." சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அன்று நாங்களும் சிரித்தோம்.

தட்டுத் தடுமாறிப் பூட்டி முடித்தோம். முடித்த கையோடு எல்லாக் கணினிகளும் வாயை மூடிக்கொண்டன. ஏன்? கண்ணுள்ள ஒருவர் வந்து திரையை வாசித்த பிறகுதான் விளங்கியது. விசைகளை ஒட்டுக்கேட்பவன் எவன், திரையை ஓயாமல் நோட்டம் விடுபவன் எவன் என்று தேடிய காவற்காரன், அப்பாவித் திரைவாசிப்பானையே உளவாளி என்று பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டான். வன்னியில் பிறந்தவர்களுக்கு இது புதிதா, சொல்லுங்கள்? முன்வரிசைத் தாய்மார் ஒருவரும் சிரிக்கவில்லை என்பது எனக்குக் கேட்கிறது.

காவலா, குரலா? பாதுகாப்போடு ஊமையாக இருப்பதா, பாதுகாப்பின்றிப் பேசுவதா? குரலைத்தான் எடுத்தோம். காவற்காரனை நிறுத்தி வைத்தோம். நீங்கள் என்றால் வேறு எதை எடுத்திருப்பீர்கள்?

அப்படி நிறுத்தி வைத்தவர்களில் ஒருத்தி நிரோசினி. முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை. போரில் எறிகணை கண்களைக் கொண்டுபோனபோது அவள் சிறுமி. அதே காலத்தில் தகப்பன் ஸ்ரனிஸ்லஸும் காணாமற்போனார். தகப்பனின் படம் ஒன்று மிஞ்சியது, ஆனால் அவள் விரலுக்கு அது வெறும் வழுவழுத்த தாள். ஆகவே தாய் யூலிற்றா அவருடைய முகத்தைச் சொல்லாலே கீறிக் காட்டினார். புருவத்தில் இருந்த வெட்டுக்காயம், கிழிந்த வலை பொத்தும்போது முணுமுணுக்கும் பாட்டு, கோபம் வந்தால் சாப்பிடாமல் படுக்கும் பிடிவாதம், மகளைக் கூப்பிடும் செல்லப்பெயர், எல்லாம் சொன்னார். நிரோசினி அதைத் தாயின் குரலிலேயே கணினியில் பதிந்து வைத்தாள். போன வருடம் நோய் தாயையும் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அவளுக்குத் தாயும் அந்தக் கணினிக்குள், தகப்பனும் அந்தக் கணினிக்குள்.

அந்தப் பிள்ளை ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். திரைவாசிப்பானின் தமிழ் கேட்டிருக்கிறீர்களா? தகரத்தைச் சுரண்டுவது போல் இருக்கும். மின்னஞ்சலில் ஒரு செய்தி வந்தது: புதிய தமிழ்க்குரல், இனிய பெண்குரல், இலவசம். ஏற்றினாள். குரல் உண்மையிலேயே இனிமையாக இருந்தது. அந்த இனிமைக்குப் பின்னால் உளவாளியும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டான். தடுக்க வேண்டிய காவற்காரனை நாங்கள் எப்போதோ நிறுத்திவிட்டோமே.

சில வாரங்களில் ஒரு தொலைபேசி அழைப்பு. தாய்மாரே, உங்களுக்கும் அப்படி எத்தனை அழைப்புகள் வந்தன! உங்கள் மகன் இருக்கிறார், கண்டேன், கதைத்தேன் என்று எத்தனை வாய்கள்! நிரோசினியும் முதலில் நம்பவில்லை, வைக்கப் போனாள். அப்போது அந்த மனிதன் சொன்னான்: "உங்கட அப்பா உங்களைச் சூடைக்குஞ்சு எண்டுதானே கூப்பிடுறவர்?"

சூடை மீனின் பெயரை வைத்து மகளை அப்படிச் செல்லமாகக் கூப்பிட்டதை உலகத்தில் அறிந்தவர் மூன்று பேர். ஒருவர் காணாமற்போனவர், ஒருவர் இறந்தவர், மற்றவள் அவள். இனி எப்படி நம்பாமல் இருப்பாள்? கடவுளே வந்து பொய் என்று சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். அப்பாவைத் தடுப்பிலிருந்து வெளியே எடுக்கக் காசு வேண்டும் என்றான். தாயின் தாலிக்கொடி போனது. அதோடு அவன் அழைத்த தொலைபேசி இலக்கமும் செத்துப்போனது. பதினைந்து வருடத்துக்கு மேல் தகப்பனைத் தேடியவளுக்குத் தகப்பன் கிடைத்து, ஒரு வாரத்துக்குள் மறுபடியும் காணாமற்போனார்.

இதோடு முடிந்ததென்றால் நான் இந்த மேடையில் ஏறியிருக்க மாட்டேன்.

தாயின் தம்பி மரியநேசன், நல்ல மனிதர், மருமகளுக்காக உயிரையும் கொடுப்பார். கணினிக்குள் ஏதோ பிழை என்று சந்தேகப்பட்டு, நிரோசினி தேவாலயத்துக்குப் போயிருந்த நேரம் அதைத் தூக்கிக்கொண்டு நகரத்துக் கடையொன்றுக்குப் போனார். உள்ளே உளவாளி இருப்பதைக் கடைக்காரர் கண்டுபிடித்தார். முழுவதையும் அழித்துத்தான் துப்புரவாக்க வேண்டும், வைத்திருக்க வேண்டிய படங்கள் ஏதும் உண்டா என்று முறையாகக் கேட்டார். மரியநேசன் சொன்ன பதில் இது: "படமோ? பிள்ளைக்குக் கண் தெரியாது தம்பி. அதுக்குள்ள ஒண்டும் இராது. நீர் அழியும்."

அவரைக் குறை சொல்லாதீர்கள். இங்கே இருக்கும் கண்ணுள்ளவர்களில் எத்தனை பேர் வேறு பதில் சொல்லியிருப்பீர்கள்? கண் இல்லையென்றால் படம் இல்லை, படம் இல்லையென்றால் காப்பாற்ற ஒன்றுமில்லை. எங்கள்மீது அன்பு வைத்தவர்களே இப்படித்தானே நினைக்கிறார்கள்? வீட்டுக்கு வந்த கணினியைத் திறந்து, நிரோசினி தாய் இருந்த இடத்தைத் தேடிப் போனாள். திரைவாசிப்பான் சொன்னது: "கோப்புறை வெறுமையாக உள்ளது." மறுபடி போனாள். மறுபடியும் அதையே சொன்னது.

கை தட்டாதீர்கள். இது கை தட்டும் இடமில்லை.

கொடையாளர்களே, இன்று நீங்கள் தரும் கணினிகளைக் காலையில் தொட்டுப் பார்த்தேன். காவற்காரன் இருக்கிறான். "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்றது திரைவாசிப்பான். மென்பொருள் செய்தவர்களுக்கு முன்பே முறையிட்டிருந்தேன், பதிலும் அனுப்பினார்கள், அதையும் வாசிக்க முடியாத படமாகவே அனுப்பினார்கள். யாரிடம் போய் அழுவேன்? எந்தச் சுவரில் முட்டுவேன்? கேட்பது பெரிய வரமா? தருவதற்கு முன் திரையை அணைத்துவிட்டு, காதால் மட்டும் கேட்டு, ஒரு தடவை நீங்களே பூட்டிப் பாருங்கள். பொத்தானுக்குப் பெயர் சொல்லும் காவற்காரனைத் தேடுங்கள். திரைவாசிப்பான் எங்கள் ஆள், அவனைத் தொடாதே என்று விதிவிலக்கில் சேர்த்துவிடுங்கள். அரைமணி நேர வேலை! அந்த அரைமணி நேரத்தை எங்களுக்காக இதுவரை ஒருவரும் செலவழிக்கவில்லையே! இனிச் செலவழிப்பார்கள் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. இருந்தும் கேட்கிறேன், கேட்க வாய் ஒன்று மிஞ்சியிருப்பதால்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. முடிக்கிறேன்.

இந்த விழா இணையத்தில் நேரலையாகப் போகிறது என்று அறிந்து, நிரோசினி நேற்று என்னிடம் வந்தாள். காவற்காரனைப் பற்றிப் பேசச் சொல்லவில்லை. தாலிக்கொடியைப் பற்றியும் பேசச் சொல்லவில்லை. அவள் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணை, அம்மான்ர குரல் இப்ப உலகத்தில அந்தக் கள்ளனிட்ட மட்டும்தான் இருக்கு. அவன் எல்லாத்தையும் ஒட்டுக்கேக்கிறவன்தானே. நீங்கள் மேடையில கதைச்சா ஒருவேளை கேப்பான். கொடியை வைச்சிருக்கச் சொல்லுங்கோ. அம்மாவை மட்டும் திருப்பி அனுப்பச் சொல்லுங்கோ."

ஆகவே, எங்கோ இருந்து கேட்பவனே, உன்னிடம்தான் பேசுகிறேன். அந்தப் பிள்ளை பின்வரிசையில், வாசற்பக்கம் இருக்கிறாள். தொலைபேசியைக் கையில் வைத்திருக்கிறாள். எல்லோரும் மாற்றச் சொல்லியும் இலக்கத்தை மாற்றவில்லை. அது உனக்குத் தெரியும்.

தலைவருக்கு நன்றி. கொடையாளர்களுக்கு நன்றி. பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும் என் உடன்பிறப்புகளுக்கும் நன்றி. இன்னும் ஒருவனுக்கு நன்றி சொல்ல மிச்சமிருக்கிறது. அந்தத் தொலைபேசியில் யூலிற்றா அம்மாவின் குரல் கேட்கும் அன்றைக்கு, இதே மேடையில் ஏறி அதையும் சொல்லுவேன். வணக்கம்.